ஓடுபாதையோரப் புல்லும் பறவைகளும்: ஓர் எளிய அறிமுகம்

பிரிட்டனில் ஏதாவது ஒரு விமான நிலையத்தில் தரையிறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால், ஓடுபாதையின் இருபுறமும் புல் கணுக்காலை மூடும் அளவுக்கு வளர்ந்து நிற்பது தெரியும். இவ்வளவு பெரிய நிலையத்தை நடத்துகிறவர்களுக்குப் புல் வெட்ட நேரமில்லையா என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்தப் புல் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்து, அளந்து பார்த்து, அந்த உயரத்திலேயே வைத்திருக்கிறார்கள். பறவைகள் அங்கே வந்து இறங்கி இரை தேடாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இந்திய விமான நிலையங்களில் வழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மழைக்காலம் நெருங்கும்போதே புல்லை வெட்டு, வெட்டிக்கொண்டே இரு என்றுதான் உத்தரவு வரும். அதற்கும் காரணம் பறவைதான்.

ஒரே நோக்கம், எதிரெதிரான இரண்டு வழிகள். இரண்டில் ஒரு தரப்பு தவறு செய்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. புல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தனித்து ஒரு விடை கிடையாது. எந்தப் பறவை வருகிறது, எதைத் தின்ன வருகிறது என்று தெரிந்த பிறகுதான் உயரத்தைப் பற்றிப் பேசவே முடியும். இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பாதி, இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் வந்தவை என்பது என் எண்ணம்.

ஒரு கிலோ பறவை என்ன செய்துவிடும்?

மேலெழும் விமானம் மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு கிலோ எடையுள்ள பருந்து. மோதும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2,800 ஜூல். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஒரு கிலோ எடையை 287 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். விமானத்தின் முன்கண்ணாடியும் எஞ்சினும் பறவை மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டவைதான். ஆனால் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டமாக வரும் பறவைகள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்குள் புகுந்துவிட்டால் அந்த எல்லை எளிதில் தாண்டப்பட்டுவிடும்.

1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டன் லோகன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் எலெக்ட்ரா விமானம், சில நொடிகளில் ஸ்டார்லிங் கூட்டம் ஒன்றுக்குள் நுழைந்தது. நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த, கைப்பிடி அளவுள்ள சிறு பறவை அது. விமானத்தில் இருந்த 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். 1996 ஜூலை 15 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் இறங்கவந்த பெல்ஜிய விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானத்தில் ஸ்டார்லிங்குகளும் ஆள்காட்டிகளும் கலந்த கூட்டம் மோதியது. 41 பேரில் 34 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் டச்சு ராணுவத்தின் இசைக்குழுவினர்.

இந்த இரு விபத்துகளும் நடந்த உயரத்தைக் கவனியுங்கள். இரண்டும் தரைக்கு மிக அருகில் நடந்தவை. அமெரிக்கப் பயணிகள் விமானங்களின் பதிவுகளில், பறவை மோதல்களில் பத்தில் ஏழு தரையிலிருந்து 500 அடிக்குள் நிகழ்ந்தவை. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் 500 அடி உயரத்தில் இருக்கும்போது, சக்கரம் தரைதொடும் இடத்துக்கும் அதற்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆகவே ஆபத்தின் பெரும்பகுதி நிலையத்தின் மதில் சுவருக்கு உள்ளேயோ அதை ஒட்டியோதான் இருக்கிறது.

பெரும்பகுதி என்று சொல்வதில் ஒரு விலக்கும் இருக்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட விமானத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் எஞ்சின்களில் கனடா வாத்துக் கூட்டம் மோதியது 2,800 அடிக்கும் மேலே. அவை உள்ளூர் வாத்துகளும் அல்ல, வடக்கே கனடாவின் லாப்ரடாரிலிருந்து வலசை வந்தவை என்று ஆய்வில் தெரிந்தது. நிலையத்தின் புல்லை எப்படி வெட்டியிருந்தாலும் அந்த மோதலைத் தடுத்திருக்க முடியாது.

முதலில், புல் எதற்கு?

புல்லே இல்லாமல் எல்லாவற்றையும் கான்கிரீட்டால் மூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஓடுபாதையை விட்டு விலகிவிடும் விமானம் உடையாமல் ஓடி நிற்க, பாதையின் இருபுறமும் சமதளமான வெற்றுநிலம் வேண்டும். பெரிய ஓடுபாதைகளுக்கு மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 140 மீட்டர் என்பது சர்வதேச அளவு. 3,000 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள ஓடுபாதை என்றால், இந்தப் பட்டை மட்டுமே 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்கு மேல் வரும். விமானங்கள் ஓடுபாதைக்கு உருண்டு போய்வரும் டாக்ஸிவேக்களுக்கு இடைப்பட்ட நிலம் இந்தக் கணக்கில் சேராது.

இத்தனை நிலத்தைக் கான்கிரீட் போட்டால் செலவு ஒருபுறம் இருக்க, மழைநீர் போக வழியிருக்காது. வெறும் மண்ணாக விட்டால் காற்றிலும் எஞ்சின் வீச்சிலும் புழுதியும் கல்லும் பறந்து எஞ்சினுக்குள் போகும். மண்ணைப் பிடித்துவைக்க மலிவான, மென்மையான, தானே வளரும் போர்வை புல்தான். எனவே புல் இருந்தே தீரும். அதை எப்படிப் பறவைக்கு உதவாத புல்லாக வைத்திருப்பது என்பதே வேலை.

பறவை புல்லில் எதைத் தேடுகிறது?

ஒட்ட வெட்டிய புல்வெளி பல பறவைகளுக்கு இலை போட்டுப் பரிமாறிய பந்தி. மண்புழு, வண்டின் புழு, வெட்டுக்கிளி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் கண்ணால் வேட்டையாடுபவை. சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். மண்ணின் மேல் புழு ஒன்று நெளிவது தெரிந்தால் போதும். நிலா வெளிச்சத்தில்கூட இரை தேடும். ஸ்டார்லிங் வேறு வகை. மூடிய அலகை மண்ணுக்குள் குத்தி, உள்ளே வைத்தே அலகைத் திறந்து, துளையை அகலமாக்கி அதற்குள் எட்டிப் பார்க்கும். வேர்களுக்கிடையே இருக்கும் பூச்சிப் புழுக்கள் அதற்கு வேண்டும். இந்த இரண்டு உத்திகளுக்கும் புல் குட்டையாக இருந்தாக வேண்டும்.

உணவைப் போலவே முக்கியமானது பாதுகாப்பு. கூட்டமாக மேயும் பறவை ஒவ்வொன்றும் தலையைத் தூக்கி மற்றவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று பதறினால் எல்லாம் எழும். அண்டையில் நிற்கும் பறவையோ, பதுங்கி வரும் நரியோ கண்ணில் படாத இடத்தில் அவை நிம்மதியாக இரை தேடாது. விமானத்துக்கு ஆபத்தான பறவைகள் பெரும்பாலும் இப்படித் திறந்த வெளியில் கூட்டம் சேர்பவை. தனியாகப் புதரில் ஒளிந்து வாழும் பறவைகளால் அவ்வளவு தொல்லை இல்லை.

பிரிட்டனின் நெடும்புல்

பிரிட்டிஷ்காரர்களின் யோசனை இங்கேதான் பிறந்தது. குளிர்காலத்தில் அங்கே விமானத்தளங்களில் ஆள்காட்டி, உப்புக்கொத்தி, கடற்காகம், ஸ்டார்லிங் ஆகியவை பெருங்கூட்டங்களாக வந்து குவியும். எல்லாமே மண்ணில் உள்ள உயிர்களைத் தின்ன வருபவை. திறந்த வெளியை நாடுபவை. புல்லைச் சற்று உயர்த்திவிட்டால் உணவு எட்டாது, அண்டைப் பறவையும் தெரியாது. இதைப் பல விமானத்தளங்களில் சோதித்துப் பார்த்து ப்ரோ, பிரிட்ஜ்மேன் என்ற இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வு, நெடும்புல் கொள்கைக்கு அடித்தளமாக அமைந்தது. நெடும்புல்லில் இந்தப் பறவைகள் தெளிவாகக் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு, வெட்டுவதை நிறுத்தினால் போதும் போலிருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. நெடும்புல் என்பது வளரவிடப்பட்ட புல் அல்ல. வெட்டாமல் விட்ட புல்லைவிட அதைப் பராமரிக்க அதிக உழைப்பு வேண்டும்.

20 சென்டிமீட்டரை மிகத் தாண்டினால் புல் தன் எடையிலேயே சாய்ந்து படுத்துவிடும். மழையும் காற்றும் வந்தால் கேட்கவே வேண்டாம். படுத்த புல்லின்மேல் பறவை சௌகரியமாக நடக்கும். பூத்துக் கதிர்விட்டால் விதை தின்னும் சிறு பறவைகளும் புறாக்களும் வரும். இடையே அகன்ற இலைக் களைகள், குறிப்பாகக் குளோவர், பரவினால் அதற்கென்றே காட்டுப்புறாக்கள் இறங்கும். ஆகவே வளரும் பருவத்தில் அவ்வப்போது நுனியை மட்டும் தட்டிவிட்டு, கதிர்விடாமல், அடர்த்தியாக, நிமிர்ந்து நிற்கும்படி வைத்திருக்க வேண்டும். மண் வளமில்லாத இடங்களில் புல் நிமிர்ந்து நிற்க உரம்கூட இட நேரும்.

இன்னொரு சிக்கல் புல்லின் அடியில் சேர்கிறது. வெட்டிய நுனிகள் அங்கேயே விழுந்து, மட்கியும் மட்காமலும் மெத்தைபோல் படியும். அந்த ஈரமான அடுக்கில் பூச்சிகளும் வயல் எலிகளும் குடியேறும். எலி வந்தால் வல்லூறும் ஆந்தையும் பின்னாலேயே வரும். எனவே வசந்தத்தின் தொடக்கத்தில் ஒருமுறை புல்லை அடிவரை வெட்டி, வெட்டியதையெல்லாம் வாரி வெளியே கொண்டுபோய்விடுவார்கள். பிறகு புதுப்புல் நிமிர்ந்து வளரும். அந்தச் சில வாரங்கள் புல் குட்டையாக இருக்கும் என்பதால், குளிர்காலக் கூட்டங்கள் கலைந்து போகும் நேரமாகப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். வாரி எடுக்கும் செலவுக்குப் பயந்து இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடும் நிலையங்கள் உண்டு. சில ஆண்டுகளில் மெத்தை கனத்து, எலிகள் பெருகி, நெடும்புல் பயன்படவில்லை என்ற தீர்ப்பும் வந்துவிடும்.

விளக்குகள், பெயர்ப்பலகைகள், தரையிறக்க வழிகாட்டும் ஆன்டெனாக்கள் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் எந்த நாட்டிலும் புல்லைக் குட்டையாக வெட்டியே ஆக வேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை.

நெடும்புல் பறவைகளை முழுவதும் ஒழித்துவிடுவதும் இல்லை. வானம்பாடி அதே புல்லுக்குள் கூடு கட்டும். அது சிறியது, பெருங்கூட்டமாகச் சேர்ந்து மேயாதது என்பதால் விமானத்துக்குப் பெரிய அச்சுறுத்தல் இல்லை. ஆயிரம் ஆள்காட்டிகளுக்குப் பதில் பத்து வானம்பாடிகள் என்றால் எந்த நிலைய மேலாளரும் மறுப்பு சொல்லமாட்டார்.

வாத்துக்கு இது பொருந்தாது

இதே கொள்கையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது முடிவுகள் ஒருமுகமாக இல்லை. காரணம் எளியது: பறவை வேறு. கனடா வாத்து புழுவைத் தேடி வருவதில்லை, புல்லையே மேய்கிறது. கழுத்தும் நீளம். 20 சென்டிமீட்டர் புல் அதன் கண்ணை மறைப்பதில்லை.

நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்தின் கதை வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. நிலையத்தை ஒட்டிய ஜமைக்கா பே சதுப்பில், 1979இல் ஒரு சில கூடுகளோடு தொடங்கிய கடற்காகக் குடியிருப்பு, 1990க்குள் பல ஆயிரம் கூடுகளாகப் பெருகியது. மோதல்களும் கூடின. 1991 முதல் துப்பாக்கியால் சுடும் திட்டத்தை நிறைவேற்றினார்கள். பெரும் சர்ச்சையும் எழுந்தது. அந்தக் கடற்காகங்களின் வயிற்றையும் நிலையத்தின் புல்லையும் ஆராய்ந்தவர்கள் ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து வந்து அமெரிக்கப் புல்வெளிகளில் பரவிய வண்டு அது. கோடையில் குட்டைப் புல்லில் திரளும். கடற்காகங்கள் அதைத் தின்னத்தான் ஓடுபாதையோரம் இறங்கின. புல், வண்டு, கடற்காகம் என்று ஒரு சங்கிலி. கடற்காகத்தைச் சுடுவது அதன் கடைசிக் கண்ணியில் நடக்கும் வேலை. முதல் கண்ணியில் புல் இருந்தது.

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இந்தச் சங்கிலியை இன்னும் கீழே, மண்ணில் பிடிக்கிறார்கள். புல்லை வெட்டி, வெட்டியதை வைக்கோலாக வெளியே எடுத்துவிடுவார்கள். உரம் எதுவும் இடமாட்டார்கள். ஒவ்வொரு அறுவடையோடும் மண்ணின் சத்து கொஞ்சம் வெளியேறும். சில ஆண்டுகளில் மண் வறியதாகி, புல் மெலிந்து, மண்புழுவும் எலியும் குறையும். நல்ல விவசாயி வாழ்நாள் முழுக்க எதைச் செய்யக் கூடாது என்று பார்த்துக்கொள்வாரோ, அதைத் திட்டம்போட்டுச் செய்கிறார்கள். பிரிட்டனில் உரமிடச் சொல்கிறார்கள், இந்த நாடுகளில் மண்ணின் சத்தை அகற்றச் சொல்கிறார்கள். மண்ணும் புல்வகையும் வேறு என்பதால் இரண்டும் அந்தந்த இடத்தில் சரிதான்.

பூஞ்சை குடியிருக்கும் புல்

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி நியூசிலாந்தில் நடந்தது.

அங்கே மேய்ச்சல் நிலங்களில் ரைகிராஸ் என்ற புல்லைத் தின்னும் ஆடுகள் சில பருவங்களில் தள்ளாடி விழும். பல காலம் காரணம் புரியவில்லை. 1981இல் உண்மை வெளிவந்தது: புல்லின் உடலுக்குள்ளேயே, செல்களுக்கிடையே, ஒரு பூஞ்சை வாழ்கிறது. வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. புல் அதற்கு உணவும் இடமும் தருகிறது. பதிலுக்குப் பூஞ்சை சில கசப்பான நச்சுப்பொருள்களைச் சுரந்து, புல்லைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து காக்கிறது. விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. அந்த நச்சுதான் ஆடுகளைத் தள்ளாட வைத்தது. அமெரிக்காவில் ஃபெஸ்க்யூ என்ற புல்லைத் தின்ற மாடுகளுக்கு வந்த நோய்க்கும் இதே வகைப் பூஞ்சைதான் காரணம் என்று அதற்குச் சற்று முன்பு கண்டறிந்திருந்தார்கள்.

பூஞ்சையையே இல்லாமல் செய்துவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். பூஞ்சை போனால் பூச்சி வந்து புல்லை அழித்தது. பிறகு நியூசிலாந்து விஞ்ஞானிகள் பூஞ்சையின் பல்வேறு வகைகளைத் தேடிச் சேகரித்து, ஆட்டுக்குத் தீங்கில்லாமல் பூச்சியை மட்டும் விரட்டும் வகைகளைப் புல்லோடு சேர்த்தார்கள். மேய்ச்சல் தொழில் பிழைத்தது.

அந்தத் தேடலில், விலங்கின் உடலுக்கு மிகவும் ஒவ்வாத வகைகளும் கிடைத்தன. மேய்ச்சலுக்கு உதவாதவை. அக்ரிசர்ச் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்கள் அவற்றைக் குப்பையில் போடாமல், பறவை மேயக் கூடாத இடத்துக்கு இதுதானே வேண்டும் என்று யோசித்தார்கள். அந்த வகைப் பூஞ்சையைக் கொண்ட ரைகிராஸும் ஃபெஸ்க்யூவும் கிரைஸ்ட்சர்ச், ஹாமில்டன், ஆக்லாந்து விமான நிலையங்களில் சோதிக்கப்பட்டன. பின்னர் அவானெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது.

இது இரண்டு வழியில் வேலை செய்கிறது. வாத்து மேய்ந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளாது. அந்த உபாதையை அது தான் மேய்ந்த இடத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை அங்கே இறங்குவதில்லை. இன்னொரு பக்கம், புல்லில் பூச்சிகள் குறைவதால் பூச்சிதின்னிப் பறவைகளும் ஏமாந்து போகின்றன. புல் மேய்வதும் பூச்சி தின்பதும் ஒரே நேரத்தில் விலகுவது நெடும்புல்லால் ஆகாத காரியம்.

சிக்கல்களும் இருக்கின்றன. இருக்கும் புல்லை அழித்துவிட்டுப் புதிதாக விதைக்க வேண்டும். விதைக்குள் இருக்கும் பூஞ்சை உயிருள்ளது. வெப்பத்தில் சேமித்துவைத்தால் செத்துவிடும், வெறும் புல்தான் முளைக்கும். வெட்டிய புல்லை மாட்டுக்குப் போட முடியாது. நம் வாசகர்களுக்கு முக்கியமான கட்டுப்பாடு வேறு: ரைகிராஸும் ஃபெஸ்க்யூவும் குளிர் நாட்டுப் புற்கள். சென்னையின் மே மாத வெயிலில் அவை நிற்காது. நம் ஓடுபாதையோரங்களில் இருப்பது அருகம்புல்லும் கோரையும் அவற்றின் உறவுகளும்தான்.

நம் ஊர் மழைக்காலம்

இந்தியாவில் பறவை மோதல்கள் மழைக்காலத்தில் உச்சத்தைத் தொடும். முதல் மழை பெய்த மறுநாள் மாலை ஈசல் கிளம்பும்போது ஒரு திறந்த வெளியில் நின்று பார்த்தவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பருந்து, மைனா, கரிச்சான், தகைவிலான், காகம் எல்லாம் ஒரே வானத்தில் சுற்றும். மண்புழு மேலே வரும். தவளை வரும். புல் ஒரு வாரத்தில் எழும். வெட்டும் டிராக்டரோ ஈரமண்ணில் புதையும். விமானங்கள் போய்வரும் இடைவெளியில்தான் அதற்கு அனுமதியும் கிடைக்கும். புல்லின் வேகத்துக்கு இயந்திரம் ஈடுகொடுக்காத இரண்டு மூன்று மாதங்கள் அவை.

2022 ஜூனில் பாட்னாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய விமானத்தின் எஞ்சினில் பறவை மோதித் தீப்பொறி பறந்து, 185 பயணிகளோடு அது பத்திரமாகத் திரும்பி இறங்கியது. அந்த ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நிலையங்களுக்கு எழுதிய அறிவுறுத்தலில் புல்லை வெட்டுவது, பூச்சிமருந்து தெளிப்பது, குப்பையை அகற்றுவது, தண்ணீர் தேங்கவிடாமல் பார்ப்பது என்று எல்லாம் இருந்தன.

குட்டைப் புல்லுக்கு இங்கே நியாயம் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் நெடும்புல் வெட்டுக்கிளிக்கும் எலிக்கும் உகந்த வீடு. அவற்றைத் தேடிப் பருந்தும், மறைவைத் தேடிக் கௌதாரியும் வரும். பாம்பு வரும், புல் வெட்டும் ஊழியருக்கு அது சிறிய விஷயம் இல்லை. கோடையில் காய்ந்தால் தீப்பிடிக்கும்.

ஆனால் ஒட்ட வெட்டிய, அங்கங்கே மண் தெரியும் தரையை விரும்பும் பறவை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: சிவப்பு மூக்கு ஆள்காட்டி. திறந்த தரையில் சிறு பள்ளத்தில் கற்களுக்கு நடுவே முட்டையிடும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் இடத்தை விட்டு நகராது. விரட்டினால் கத்திக்கொண்டு ஒரு சுற்று சுற்றி அங்கேயே இறங்கும். இந்திய நிலையங்களில் அடிபடும் பறவைகளில் கரும்பருந்தோடு இதுவும் அடிக்கடி இடம்பெறுகிறது. பருந்துக்காகப் புல்லைக் குறைத்தால் ஆள்காட்டிக்கு இடம் கொடுத்ததாகிறது. ஆள்காட்டிக்காக உயர்த்தினால் எலியும் பருந்தும். நடுவில் ஓர் உயரம் இருக்கலாம். அது கோவைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனின் 15 சென்டிமீட்டரை அப்படியே எடுத்துக்கொள்வதும், விதியென்று மொட்டையடிப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

புல்லால் ஆகாததும் இருக்கிறது. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக சாலிம் அலியும் ராபர்ட் க்ரப்பும் இந்திய விமானத்தளங்களை ஆராய்ந்தபோது, பிணந்தின்னிக் கழுகுகளும் பருந்துகளுமே பெரும் ஆபத்தாக இருந்தன. மதிலுக்கு வெளியே கிடந்த மாட்டுச் சடலங்களும் இறைச்சிக் கழிவும்தான் அவற்றை இழுத்தன. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆவது விதி, நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான். பிறகு 1990களில் மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியால், அவற்றின் சடலங்களைத் தின்ற அந்தக் கழுகுகள் ஏறக்குறைய அற்றுப்போயின. விமானிகளின் ஒரு கவலை இப்படித் தீர்ந்ததை யாரும் வெற்றியென்று எழுதவில்லை.

எந்தப் பறவை என்று எப்படித் தெரியும்?

மோதிய பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது எஞ்சின் விளிம்பில் ஒரு கறையும் நாலைந்து இறகுத் துணுக்குகளும். 1960 பாஸ்டன் விபத்தின் சிதைவுகளில் இருந்த இறகுகளை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பணிபுரிந்த ராக்ஸி லேபோர்ன், இறகின் நுண்ணமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இனத்தைச் சொல்லும் முறையை வளர்த்து, அதை ஒரு துறையாகவே ஆக்கினார். இன்று அதோடு மரபணுச் சோதனையும் சேர்ந்திருக்கிறது. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்திலும் மோதலில் கிடைத்த எச்சங்களை மரபணு வழியே இனம்காணும் ஆய்வகம் இருக்கிறது. கறையைத் துடைத்துவிட்டு விமானத்தை அனுப்பினால், புல்லை என்ன செய்வது என்பதற்கான ஒரே தடயமும் துணியோடு போய்விடும்.

எளிய கணக்கெடுப்பையும் நிலையமே செய்ய முடியும். ஓடுபாதையிலிருந்து தள்ளி, ஒரே மண் கொண்ட சில துண்டு நிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உயரத்தில் புல்லை வைத்து, ஒரு முழு ஆண்டு பறவைகளை எண்ணுவது. விடியற்காலையிலும், மழை பெய்த மறுநாளிலும், வெட்டிய உடனேயும் எண்ண வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடப்பதை வயலில் பார்த்திருப்போம். புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலும் அதேதான் நடக்கும். கலைந்து துள்ளும் பூச்சிகளுக்காகச் சில மணி நேரத்தில் பெருங்கூட்டம் சேரும். அதனால்தான் சில நிலையங்கள் இரவில் வெட்டுகின்றன. பகலில் வெட்ட வேண்டியிருந்தால் விமானங்கள் குறைந்த நேரத்தில், பறவை விரட்டும் ஆளை உடன் வைத்துக்கொண்டு வெட்டுவது நல்லது.

எண்ணும்போது தலைகளோடு எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தகைவிலான் 20 கிராம் இருக்கும். ஒரு கரும்பருந்து 600 முதல் 900 கிராம். ஒரு துண்டில் முப்பது தகைவிலான்களும் அடுத்ததில் ஒற்றைப் பருந்தும் இருந்தால், பட்டியலில் முதல் துண்டு மோசமாகத் தெரியும். எடையில் இரண்டும் ஏறத்தாழ சமம். எஞ்சினுக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாதது பருந்து.